கலேவெல பஸ்ஸில் வந்த வெள்ளைத் துணி

தீபாவளிக்கு வெள்ளைத் துணி கொடுத்தவளை என்ன செய்யலாம்? அதுவும் கரை கிடையாது, ஒரு பூ கிடையாது, ஒரு நூல் நிறம் கிடையாது. மடிப்பைத் திறந்ததும் சூடமும் அத்தரும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. என் வீட்டுக்காரர் நெஞ்சுவலியோடு கண்டி ஆஸ்பத்திரியில் கிடந்து, அப்போதுதான் வீட்டுக்கு வந்து ஒரு வாரம். உள் அறையில் மாத்திரை போட்டுக்கொண்டு படுத்திருக்கிறார். வெளி அறையில் நான் அந்தத் துணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். தாலியோடு இருக்கிறவளுக்குத் தீபாவளி அன்றைக்கு வெள்ளைத் துணி என்றால் அதற்கு எங்கள் ஆட்களிடம் ஒரே ஒரு அர்த்தம்தான் இருக்கிறது. அதை நான் எழுதப் போவதில்லை.

என்ன வந்திருக்கிறது என்று அவர் உள்ளிருந்து கேட்டார். சேலை என்றேன். என்ன கலர் என்றார். அரக்கு என்று வாயில் வந்ததைச் சொன்னேன். அந்தப் பொய் பிறகு எப்படி உண்மையானது என்பதுதான் இந்தக் கதை.

நாங்கள் மூன்று பேர். ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் ஒரே பாயில் படுத்து, ஒரே கறியைப் பங்கு போட்டவர்கள். ஒருத்தி மாத்தளை டவுன்காரி, முஸ்லிம். ஒருத்தி கல்யாணம் முடித்து வஹகோட்டைக்குப் போன கிறிஸ்தவ வேதக்காரி. நான் தோட்டத்தில் பிறந்து, இப்போது அலுவிகாரையில் குடியிருப்பவள். மூன்று பேரும் மூன்று பள்ளிக்கூடங்களில் படிப்பித்து, மூன்று பேருக்கும் தலை நரைத்துவிட்டது. ஆனாலும் தீபாவளிக்கு அவர்கள் இரண்டு பேரும் எனக்குத் தருவார்கள், நோன்புப் பெருநாளைக்கு டவுன்காரிக்கு நாங்கள் கொடுப்போம், இயேசு பிறந்த நத்தாருக்கு வஹகோட்டைக்காரிக்கு. இது ஒரு வருஷமும் தவறியதில்லை.

அதில் ஒரு சட்டம் இருந்தது. கொடுத்தவளுக்கு முன்னால் பிரிக்கக் கூடாது. பிறகும் என்ன, ஏது, பிடித்ததா என்று விசாரிக்கக் கூடாது. சட்டம் வந்ததற்குக் காரணம் நான்தான். ஒரு நத்தாருக்கு நான் கொடுத்த பெட்டியை வஹகோட்டைக்காரி எல்லோருக்கும் முன்னால் திறந்தாள். உள்ளே கோப்பை செட். "இது நான் ஒனக்கு போன தீவாளிக்கு குடுத்ததுடி" என்றாள். அவள் புருஷன் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அதோடு போதும், இனி யாரும் யார் முகத்துக்கு முன்னாலும் பிரிக்க வேண்டாம் என்று முடிவானது. வெட்கத்தை மறைக்கப் போட்ட சட்டம்தான் எங்களைக் கவிழ்த்தது.

ஆக, டவுன்காரி தீபாவளி அன்று ஓட்டோவில் வந்தாள். பூப்போட்ட காகிதத்தில் சுற்றிய பார்சலைக் கையில் தந்தாள். முறுக்கு கடித்தாள், என் வீட்டுக்காரரிடம் உப்பைக் குறைக்கச் சொன்னாள், உம்மா தனியாக இருக்கிறார் என்று சீக்கிரமே கிளம்பிவிட்டாள். நல்ல முகத்தோடுதான் போனாள். அவள் போன பிறகு பார்த்தால் இது.

நேராக அவளுக்கு ஃபோன் போட்டுக் கிழித்திருக்க வேண்டியது. சட்டம் இருக்கிறதே. நான் வஹகோட்டைக்காரிக்குப் போட்டேன். என் ஆத்திரம் முழுவதையும் அவள் காதில் கொட்டினேன். படித்தவள், இத்தனை வருஷம் நம்மோடு பழகியவள், அவளுக்குத் தெரியாதா என்று கேட்டேன். அவங்களுக்கு வெள்ளைன்னா சுத்தம், அப்படி நெனச்சிருப்பா, விட்டுடு என்று அவள் சமாதானம் சொன்னாள். என் மனசு ஆறவில்லை. துணியை அலுமாரிக்கு மேலே, வீட்டுக்காரர் கண்ணில் படாத மாதிரி சொருகி வைத்தேன். அது அங்கே இருந்த ஒவ்வொரு நாளும் அவர் இருமினால் நான் அலுமாரியைத்தான் பார்ப்பேன்.

நத்தார் நெருங்கும்போது வஹகோட்டைக்காரி, சாப்பாட்டு மேசைக்கு விரிப்பு தைக்க நல்ல வெள்ளைத் துணி தேடுகிறேன் என்றாள். அவர்களுடையது பெரிய குடும்பம், நீளமான மேசை. அடுத்த நாளே கொண்டுபோய்க் கொடுத்தேன். பீடை ஒழிந்தது என்று வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தேன். அவள் அதைச் சவர்க்காரத் தூளில் ஊறவைத்து, நீலம் போட்டு, இரண்டாக வெட்டி, அகலம் வரும்படி நடுவில் மூட்டி, சுற்றிலும் மடித்துத் தைத்தாள். நாலு மூலையிலும் சிவப்பு நூலால் ஒவ்வொரு குருசு போட்டாள். அவள் கைவேலையைக் குறை சொல்ல முடியாது.

நத்தார் அன்று நாங்கள் மூவரும் அந்த மேசையைச் சுற்றித்தான் உட்கார்ந்தோம். டவுன்காரிக்கென்று வைன் சேர்க்காமல் தனியாக பட்டர் கேக் செய்திருந்தாள். டவுன்காரி கேக்கைத் தின்றுகொண்டே விரிப்பைக் கையால் தடவினாள். நல்ல துணியாக இருக்கிறதே, எங்கே வாங்கினாய் என்று கேட்டாள். வஹகோட்டைக்காரி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். ஒருத்தி குடுத்தா என்றாள் வஹகோட்டைக்காரி. அவ நல்லா இருக்கணும் என்றாள் டவுன்காரி. நாங்கள் இரண்டு பேரும் சமையல் நடக்கிற குசினிக்குள் ஓடிப்போய், சுவரில் முட்டிக்கொண்டு, வாயைப் பொத்திச் சிரித்தோம். என் மனசில் இருந்த ஆத்திரத்தில் பாதி அந்தச் சிரிப்பிலேயே போய்விட்டது என்றுகூடச் சொல்வேன்.

திரும்பி வந்தால் டவுன்காரி தேத்தண்ணிக் கோப்பையைக் கவிழ்த்துவிட்டுத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். சாயத் தேத்தண்ணி, கறை நல்லாப் பிடித்துவிட்டது. அவள் முகம் சுருங்கிப் போயிற்று. விடுடி, அது ஓசித் துணிதானே என்று வஹகோட்டைக்காரி சொல்ல, நான் மறுபடியும் குசினிக்கு ஓடினேன்.

இனி உம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

டவுன்காரியின் உம்மா எங்களைத் திட்டி வளர்த்தவர். பயிற்சிக் காலத்தில் சனி ஞாயிறுகளில் அவர் வீட்டில்தான் கிடப்போம். வாசலில் வாப்பாவின் மிளகு காய்ந்துகொண்டிருக்கும், அதை மிதித்தால் திட்டு. சோற்றை மிச்சம் வைத்தால் திட்டு. என்னை மகள் என்றுதான் கூப்பிடுவார், கூப்பிட்டுவிட்டுத் திட்டுவார். ஒருதரம் காய்ச்சலில் நான் அவர் வீட்டிலேயே விழுந்தபோது, எனக்குத் திருநீறு வேண்டும் என்று மகனைக் கோயிலுக்கு அனுப்பி வாங்கி வரச் சொன்னவர். அதைப் பூசத் தெரியாமல் என் மூக்கெல்லாம் பூசி வைத்தார்.

வாப்பா மவுத்தாகி அடக்கம் முடிந்த பிறகு உம்மா பிள்ளைகளிடம் எதையுமே கேட்டதில்லை. புதுத் துணி கேட்டதில்லை, மருந்துகூடக் கேட்டதில்லை. மகளோடு மக்காவுக்கு உம்ரா போனவர், திரும்பி வரும்போது ஒரே ஒரு பொருள் கொண்டுவந்தார். தன்னுடைய கபன் துணி. மையத்துக்கு, உயிர் போன உடம்புக்குச் சுற்றுகிற துணி. தானே அங்குள்ள புனித ஸம்ஸம் தண்ணீரில் நனைத்து, தங்கியிருந்த அறையில் தானே விரித்துக் காயவைத்து, சூடமும் அத்தரும் இட்டு மடித்ததாம். அந்தக் கதையை அவர் எங்களுக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பார்! மற்றவர்கள் அங்கிருந்து தங்கம் வாங்கி வருவார்கள், நான் எண்ட உடுப்பை வாங்கி வந்தீக்கிறேன் என்பார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் இருக்கும். வெளிநாடு போகப்போகிற பிள்ளை பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு இருக்கிற மாதிரி.

ஆனால் துணியை அவர் எங்களுக்குக் காட்டியதில்லை. பேரப்பிள்ளைகள் அதைக் கண்டால் அலுமாரிப் பக்கமே வரமாட்டார்கள் என்று, பூப்போட்ட பரிசுக் காகிதத்தில் சுற்றி, உள்ளே தள்ளி வைத்திருந்தார். அந்தக் காகிதத்தின் மிச்சச் சுருளைத்தான் டவுன்காரி எனக்கு வாங்கிய சேலையைச் சுற்ற எடுத்திருக்கிறாள். சுற்றி, அதே அலுமாரியில், அதே தட்டில் வைத்திருக்கிறாள். தீபாவளி அன்று அவசரத்தில் கை போன பார்சலை எடுத்துக்கொண்டு ஓட்டோ ஏறிவிட்டாள்.

சூடமும் அத்தரும் என்று உம்மா சொன்னது என் காதில் விழுந்திருக்கிறது. சூடமும் அத்தரும் என் மூக்கிலும் ஏறியிருக்கிறது. இரண்டையும் முடிச்சுப் போட எனக்கு மூளை இல்லாமல் போய்விட்டது. கோபம் வந்தால் எனக்கு மற்றதெல்லாம் அடைத்துவிடும்.

தைப்பொங்கல் முடிந்த பிறகு உம்மா விழுந்தார். ஏற்கனவே சீனி வியாதியில் கண் மங்கல். இப்போது ஒரு பக்கம் இழுத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்திருந்துவிட்டு, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் உம்மா முதலில் கேட்டது அந்தப் பார்சலைத்தான். தலையணைக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். நல்ல கையை அதன்மேல் போட்டுக்கொண்டுதான் கண்ணை மூடுவாராம். நாங்கள் பார்க்கப் போனபோதும் அப்படித்தான் படுத்திருந்தார். பூப்போட்ட காகிதம் கசங்கிப் போயிருந்தது. என்னைக் குரலில் அடையாளம் கண்டு, சாப்பிட்டாயா என்று குழறலாகக் கேட்டார். நான் வெளியே வந்து அழுதேன்.

பௌர்ணமி லீவான ஒரு போயா நாள் காலையில் டவுன்காரி ஃபோனில் வந்தாள். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"தீவாளிக்கு ஒனக்கு நான் என்னடி தந்தேன்?"

இத்தனை வருஷத்தில் முதல்தரம் சட்டத்தை மீறிக் கேட்கிறாள். எனக்குப் பழைய எரிச்சல் தலைதூக்கியது. ஒனக்குத் தெரியாதா, வெள்ளைத் துணி என்றேன். அந்தப் பக்கம் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது.

"அது உம்மாட கபன்டி."

மையத்தைக் குளிப்பாட்டுகிற பெண்மணி பக்கத்துத் தெருவில் இருப்பவர். துணி அளவு போதுமா என்று முன்கூட்டியே பார்த்துவிடலாம் என்று, உம்மா அசந்த நேரத்தில் பார்சலை முன் அறைக்கு எடுத்து வந்து பிரித்திருக்கிறார். உள்ளே இருந்து அரக்குப் பட்டு வந்திருக்கிறது, தங்கக் கரையோடு. குளிப்பாட்டுகிறவர் எத்தனையோ மையத்துகளைப் பார்த்தவர், அவரே கையிலிருந்த பார்சலைக் கீழே வைத்துவிட்டாராம். உம்மா கட்டிலைத் தடவ ஆரம்பித்ததும், டவுன்காரி சேலையை அப்படியே மறுபடி சுற்றிக் கட்டி, அவர் கைக்குக் கீழே வைத்துவிட்டு எனக்கு ஃபோன் பண்ணியிருக்கிறாள்.

உம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை, டாக்டர் இரண்டு மூன்று நாள் தாங்கும் என்கிறார், துணியைக் கொண்டு வந்துவிடு என்றாள். அவர் கேட்டது இது ஒன்றுதான், இதையும் நான் நாசமாக்கிவிட்டேன் என்று அழுதாள். துணி என்னிடம் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீதான் அதன்மேல் கேக் தின்றாய், நீதான் தேத்தண்ணி ஊற்றினாய் என்று அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? கடைசியில் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. நான் திட்டை எதிர்பார்த்துக் காதைத் தயாராக வைத்திருந்தேன். எடுத்துட்டு வா என்று மட்டும் சொன்னாள்.

வஹகோட்டைக்காரிக்கு ஃபோனில் விஷயத்தைச் சொல்லிவிட்டு, பஸ் பிடித்து அங்கே போனேன். வஹகோட்டைக்காரி விரிப்பை எடுத்து மேசைமேல் போட்டுவிட்டு, தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். ஸம்ஸமை நீலத்தண்ணியோட கானுல ஊத்திட்டேனே என்று புலம்பினாள். மடிப்பையும் நடு மூட்டையும் பிரிப்பது சுலபம், நூலை உருவினால் வந்துவிடும். குருசுதான் மாட்டிக்கொண்டது. இறுக்கமாக, நுணுக்கமாகப் போட்டிருந்தாள். பிளேடு வைத்தால் துணி வெட்டுப்படும். ஊசி முனையால் ஒவ்வொரு நூலாகத் தூக்க வேண்டும்.

இப்படியே கொண்டு போய்விடலாமா என்று நான் கேட்டேன். "குருசோட எப்படிடி குடுக்கிறது? அந்தம்மா காலம்பூரா தொழுதவங்க" என்றாள். அவள் சொன்னது சரிதான். ஆளுக்கொரு மூலையாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். அவள் முனகிக்கொண்டே ஜெபமும் சொன்னாள், அவள் சாமியின் அடையாளத்தை அவளே பிரித்துக்கொண்டு. நான் என் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்தேன்.

மூன்று குருசு போய்விட்டது. நாலாவது பாதியில் நிற்கும்போது கலேவெலயிலிருந்து மாத்தளைக்குப் போகிற பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு வளைவில் வந்தது. ஓடினால் பிடித்திருக்கலாம். வளைவு ரோட்டில் ஆடுகிற பஸ்ஸில் ஊசி வேலை செய்ய முடியாது, டாக்டர் இரண்டு மூன்று நாள் என்றாரே, முடித்துவிட்டே போகலாம் என்றாள் வஹகோட்டைக்காரி. நானும் தலையாட்டினேன். பஸ் போய்விட்டது.

அடுத்த பஸ்ஸில் ஏறினோம். குருசு இருந்த இடங்களில் ஊசித் துளைகள் மட்டும் இருந்தன, வெளிச்சத்துக்குப் பிடித்தால் நாலு மூலையிலும் குருசு அப்படியே தெரிந்தது. நடுவில் தேத்தண்ணிக் கறை. பலாபத்வல தாண்டும்போது டவுன்காரியின் தம்பி கூப்பிட்டான். உம்மா மவுத்தாகிட்டாங்க அக்கா, அஸர் தொழுகைக்குப் பொறகு அடக்கம் என்றான். வஹகோட்டைக்காரி என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். அதற்குப் பிறகு அந்த பஸ் நிறுத்தாத இடமில்லை. சந்தைக்கு மரக்கறி மூட்டை ஏற்றினான், இறக்கினான், ஒரு கிழவனோடு சண்டை போட்டான். எனக்கு டிரைவரின் கழுத்தைப் பிடிக்க வேண்டும் போல இருந்தது.

வீட்டு வாசலில் கதிரைகள் போட்டாகிவிட்டது. ஆண்கள் ரோட்டோரம் நின்றார்கள். எங்களை உள்ளே விட்டார்கள். டவுன்காரி துணியை வாங்கவில்லை, குளிப்பாட்டுகிற பெண்மணியைக் கைகாட்டினாள். அவர் அதை விரித்துப் பார்த்தார். இரண்டு துண்டு பரவாயில்லை, எப்படியும் வெட்டத்தானே வேண்டும் என்றார். மூலைகளைத் தடவிப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. கறையில் விரல் நின்றது. இது என்ன என்று கேட்டார்.

"நான் ஊத்தின தேத்தண்ணி" என்றாள் டவுன்காரி.

அவர் அந்தப் பகுதியை உள்பக்கம் மடித்து, கால் பக்கம் வரும்படி வைத்துக்கொண்டார். சுத்தமான துணிதான், குறையில்லை என்று சொன்னார். கதவு மூடியது. உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. பிறகு முகம் பார்க்கக் கூப்பிட்டார்கள். வெள்ளைக்குள் உம்மாவின் முகம் மட்டும் தெரிந்தது. திட்டப் போகிறவர் மாதிரியே இருந்தார்.

அதற்குப் பிறகு டவுன்காரி எங்களோடு பேசவில்லை. நாங்கள் போனால் தேத்தண்ணி தருவாள், உட்காருவாள், பேசமாட்டாள். நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த பிறகு ஒரு நாள் அலுவிகாரைக்கு வந்தாள். கையில் அந்தப் பார்சல், அதே காகிதம், உம்மாவின் கை பட்டுப் பட்டுப் பூவெல்லாம் தேய்ந்திருந்தது. நான் வாங்கி, பழக்கத்தில், பிரிக்காமல் அலுமாரிப் பக்கம் திரும்பினேன்.

"இங்கேயே பிரி. இனிமே எனக்கு முன்னாலதான் பிரிக்கணும்" என்றாள்.

பிரித்தேன். அரக்குப் பட்டு. உள் அறையிலிருந்து என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, இது தீபாவளிக்கு வந்த சேலைதானே, இன்னும் கட்டவில்லையா என்று கேட்டுவிட்டுப் போனார். டவுன்காரி சேலையைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு அன்றைக்கு நடந்ததைச் சொன்னாள்.

உம்மாவுக்குத் தெரிந்துவிட்டதாம். மறுபடி கட்டி வைத்த பார்சலைத் தடவிக்கொண்டே இருந்தவர், இது எண்ட இல்லை, இது பாரம், எண்ட துணி இவ்வளவு பாரமில்லை என்றாராம். கண் தெரியாத மனுஷி, பயந்துபோய், இதில் சுத்தி என்னை அனுப்பிவிடாதீங்க என்று மகளின் கையைப் பிடித்துக்கொண்டாராம். இவளுக்கு வேறு வழி தெரியவில்லை. உங்கட துணி வந்துகொண்டிருக்கிறது உம்மா, பஸ்ஸில் வருகிறது, அவர்கள் இரண்டு பேரும் எடுத்துக்கொண்டு வருகிறார்கள் என்று சொல்லியிருக்கிறாள். எந்த பஸ்ஸில் என்று உம்மா கேட்டாராம். கலேவெல பஸ் என்றாளாம்.

"அது நிண்டு நிண்டுதானே வரும்" என்றாராம் உம்மா. பிறகு அவர் பேசவில்லை.

இதைச் சொல்லிவிட்டு டவுன்காரி சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் அப்படியே அழுகையாகப் போனது. நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். நாங்கள் ஒரு பஸ்ஸை விட்டுவிட்டோம் என்பது வஹகோட்டைக்காரி சொல்லி அவளுக்கு ஏற்கனவே தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். அவள் அதைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.